கல்போலியியல்: ஒரு சிற்றிலக்கணம்

கல் இரண்டு வகைப்படும்: கல், கல் மாதிரி. முதல் வகையைப் பற்றி நிலவியலார் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். இரண்டாவதுக்கு நாதியில்லை. சுண்ணாம்பு, சிமெண்டு, ஃபைபர், பிளாஸ்டிக், சுவரில் ஒட்டும் தாள் என்று கல் மாதிரிகள் கல்லைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கும் காலத்தில், அவற்றை வகுத்தும் தொகுத்தும் சொல்ல ஒரு நூல் இல்லாதது தமிழுக்கு இழுக்கு. அந்த இழுக்கைத் துடைக்கும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

ஆய்வுக்களம் சிங்கப்பூர். மலை என்று காட்ட 164 மீட்டரைக்கூட முழுசாகத் தொடாத புக்கித் தீமா ஒன்றுதான் இங்கே உண்டு. புலாவ் உபின் தீவில் இருந்த கருங்கல் குவாரியையும் 1999இல் மூடிவிட்டார்கள். கல் குறைந்த ஊரில் கல் மாதிரி செழிக்கும் என்பது எங்கள் துறையின் முதல் விதி.

நன்னூல் படித்தவர்களுக்குப் போலி தெரியும். மயல் மையலாகும், பந்தல் பந்தராகும், ஐந்து அஞ்சாகும். எழுத்து மாறும், பொருள் மாறாது. கல்போலியில் பொருள் மாறும், தோற்றம் மாறாது. அதனால் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி, முற்றுப்போலி என்னும் பழைய நான்கு பெட்டிகளே இங்கும் போதும். புதுப்பெட்டி செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை.

முதற்போலியாவது, உடம்பு வேறாக இருக்கத் தோல் மட்டும் கல்லாக நடிப்பது. இந்த இனத்தில் மூத்தது செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதே இடத்தில் முன்பு இருந்த தேவாலயத்தில் இரண்டு முறை இடி விழுந்ததால் அதை இடித்துவிட்டு, 1856இல் புதிதாகத் தொடங்கினார்கள். 1861இல் முதல் வழிபாடு. வடிவமைத்தவர் ரோனல்டு மெக்ஃபர்சன். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். உள்ளே போய்த் தூணைத் தொட்டவர்கள் சலவைக்கல் என்றே நினைத்திருப்பார்கள். அது செங்கல்லின் மேல் பூசிய சென்னைச் சுண்ணச்சாந்து. கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் என்னும் அதிகாரி 1899இல் வந்த தம் நூலில் அதன் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார்: மணல் கலக்காத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். படித்தால் தீபாவளிப் பலகாரக் குறிப்பு மாதிரிதான் இருக்கும். எல்லாவற்றையும் கூழாகக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழப்பான படிகக் கல்லால் தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடி தூவி மெருகேற்றவேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப்பூச்சுச் சுவருக்கு இது பங்காளி முறை. சலவைக்கல் கிடைக்காத இடத்தில் கல்லை உண்டாக்க, கடைசிக்கட்ட வேலைக்குக் கையளவு நிஜக்கல் தேவைப்பட்டது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளவும்.

முதற்போலியின் இளைய பிரிவு ஷாங்காய் பிளாஸ்டர். 1920களிலிருந்து 1950கள் வரை இங்கே கொடிகட்டிப் பறந்தது. சிமெண்டில் பொடிக்கற்களைக் கலந்து பூசி, முழுசாக இறுகுமுன் தண்ணீரும் பிரஷும் கொண்டு மேல்பாலைக் கழுவிவிட்டால் கற்கள் வெளியே எட்டிப்பார்க்கும். பிறகு ஒரு குச்சியால் கோடு கிழித்துவிட்டால் சுவர் முழுக்கக் கருங்கல் பாளங்களாகிவிடும். ஜாலான் புசார் பக்கம் பழைய கடைவீடுகளின் தூணைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பாளத்துக்குப் பாளம் இடைவெளி இருக்கிற மாதிரி தெரியும், நகத்தை விட்டால் அரை அங்குலத்தில் முட்டி நிற்கும். 1939இல் முடிந்த பழைய உச்ச நீதிமன்றத்தில் இத்தாலியச் சிற்பி ருடால்ஃபோ நோல்லியின் தூண்களும் இந்தக் குடும்பத்துப் பெரிய இடம்தான். நீதிக்கே கல் வேஷம் தேவைப்பட்டிருக்கிறது. இப்போது அந்தக் கட்டடம் தேசியக் கலைக்கூடமாகிவிட்டதால் வேஷம் பொருந்தியும் போகிறது.

இடைப்போலியாவது, இடைக்கு மேலே ஒன்று, இடைக்குக் கீழே ஒன்று. மேலே சிங்கம், கீழே மீன். லிம் நாங் செங் செய்த மெர்லயன், 1972 செப்டம்பரில் சிங்கப்பூர் ஆற்றின் வாயில் நிறுத்தப்பட்டது, 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை, ஒருவகைச் சிமெண்டு வார்ப்பு. பக்கத்தில் இருக்கும் இரண்டு மீட்டர்க் குட்டிக்குப் பீங்கான் தட்டுகளால் தோல், சிவப்புத் தேநீர்க் கோப்பைகளால் கண். கல்லாக நடிப்பதில் குட்டிக்கு அக்கறையே இல்லை, அதனாலேயே எனக்கு அதை அதிகம் பிடிக்கும். பெரியதோ வெள்ளையாக, சுத்தமாக, பளிச்சென்று நின்று சலவைக்கல் என்ற மரியாதையை எதிர்பார்க்கிறது. 2009 பிப்ரவரியில் அதன் தலையில் மின்னல் விழுந்து ஒரு துண்டு பெயர்ந்தது. தேவாலயத்தையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஊரில் கட்டடக்கலை விமர்சனம் யார் கையில் இருக்கிறது என்று தெரியும்.

ஆற்றின் அக்கரையில் நிற்கும் வெள்ளை ராஃபிள்ஸ் சிலை இந்தப் பெட்டியில் அடங்க மறுக்கும் சிக்கலான வழக்கு. தாமஸ் வுல்னர் 1887இல் செய்த அசல் வெண்கலச் சிலை கறுப்பு. அதன் நகல் 1972இல் சலவைக்கல் தூளும் ரெசினும் கலந்து வெள்ளையாக வார்க்கப்பட்டது. வெண்கலத்துக்கு நகலாகவும் சலவைக்கல்லுக்குப் போலியாகவும் ஒரே நேரத்தில் இருப்பது. 2019 ஜனவரியில் டெங் காய் வெய் என்னும் கலைஞர், பின்னால் நிற்கும் வானளாவியின் கோடுகளையும் நிறத்தையும் அதன்மேல் பூச, ஒரு கோணத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ராஃபிள்ஸ் காணாமல்போனார். கல் மாதிரியைக் கட்டடம் மாதிரி ஆக்கியதால் இதைப் போலிக்குப் போலி என்று வகுக்கிறேன். ஹவ் பார் வில்லாவின் சிமெண்டுக் குகைகளும், கரையோரப் பூந்தோட்டங்களில் செடி போர்த்தி நிற்கும் 35 மீட்டர் மலையும் இடைப்போலியே. அவற்றை விரிப்பின் பெருகும்.

கடைப்போலியாவது, கடையில் கிடைப்பது. ஜாலான் புசாரிலும் முஸ்தஃபா கடையிலும் கல் அச்சிட்ட ஒட்டுத்தாளைச் சுருளாகவும் சதுரமாகவும் விற்பார்கள். சமையலறை மேடைக்கு ஒட்டலாம், குளியலறைக்கு ஒட்டலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை: எந்தப் புள்ளியையாவது மனத்தில் குறித்துக்கொண்டு வலப்பக்கம் நகருங்கள். மூன்றாவது சதுரத்தில் அதே புள்ளி அதே கோணத்தில் மறுபடி வரும். கருங்கல்லுக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது.

இனி முற்றுப்போலி. இந்த நூலே இதற்காகத்தான்.

முற்றுப்போலியாவது, உடம்பும் பொய், தோலும் பொய், அளவும் பொய். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பூதம். 1989இல் வந்த ஹீரோகுவெஸ்ட் என்னும் பலகை விளையாட்டுப் பெட்டியில் இப்படி ஒரு சிறகுள்ள பூதம் உண்டு. மில்டன் பிராட்லி நிறுவனம் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்போடு சேர்ந்து வெளியிட்டது. ஐரோப்பிய தேவாலயங்களின் கூரை விளிம்பில் மழைநீரைத் துப்பும் கல் பூதங்களின் வாரிசு. நம் கோயிலில் தேடினால் யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. விளையாட்டின் ஒரு கட்டத்தில் அது சிலையாக நின்று, பிறகு உயிர்பெற வேண்டும். அப்படியானால் பார்க்கிறவனுக்கு அது முதலில் கல்லாகத் தெரிய வேண்டும். பெட்டியிலிருந்து வரும்போது அது கல்லாகவும் இல்லை, பூதமாகவும் இல்லை. சோப்பு டப்பா நிறத்தில் இருக்கிறது. ஆகவே வண்ணம்.

இந்தக் கலையில் ஈடுபட்டவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ரோவல் சாலை அடுக்குமாடி ஒன்றில், துணி காயப்போடும் இடத்தில் நாளிதழ் விரித்து உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரின் அம்மா என்னிடம் சொன்னது இந்தத் துறையின் மிகச்சிறந்த வரையறை: “காசு குடுத்து பொம்மை வாங்கி, அப்புறம் காசு குடுத்து அழுக்கு வாங்கி அது மேல பூசுறான், பாருங்க சார்.” அம்மா அறியாமல் நூற்பாவே செய்துவிட்டார். சாம்பல் கல்லன்று, அழுக்கே கல். உரை வருமாறு.

புதிதாக வருகிறவர் செய்யும் முதல் காரியம், சாம்பல் நிற டப்பாவை வாங்கிப் பூதத்தை முழுக்க முக்கி எடுப்பது. கிடைப்பது சாம்பல் பூசிய பிளாஸ்டிக். ஏனென்றால் கல்லைக் கல் என்று நம் கண்ணுக்குச் சொல்வது அதன் நிறம் அல்ல. பள்ளத்தில் தங்கிய நிழல், மேட்டில் தேய்ந்த வெளுப்பு, மழை வழிந்த தடம், ஓரத்தில் பிடித்த பாசி. இவை பெரிய சிலையில் தாமாக நடக்கும். வெயிலும் மழையும் சம்பளமில்லாமல் செய்துவிடும். கட்டைவிரல் பூதத்துக்கு நடக்காது. பொம்மை சுருங்கினாலும் வெளிச்சம் சுருங்குவதில்லை. அரை மில்லிமீட்டர் பள்ளத்தில் விழும் நிழல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நிழலையும் வெயிலையும் வண்ணத்தில்தான் கொடுக்க வேண்டும். கல்லுக்கு வண்ணம் பூசுகிறவர் உண்மையில் பூசுவது கல்லை அல்ல, ஐந்நூறு வருஷ வானிலையை.

செய்முறை. முதலில் அச்சுக்கோடு. பிளாஸ்டிக் வார்ப்பின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஒரு வரம்பு ஓடும். கல்லில் உளித்தடம் இருக்கும், அச்சுத்தடம் இருக்காது. கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பின்னால் என்ன வித்தை காட்டினாலும் குட்டு வெளிப்படும்.

அடுத்தது பிரைமர் அடிப்பது. இங்கே சிங்கப்பூர் குறுக்கிடுகிறது. விடியற்காலையில் காற்றின் ஈரம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத நாளில் நடுப்பகலுக்குப் பிறகு அறுபதுக்கு இறங்கும். ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் பெயிண்ட் பொம்மையைச் சேருமுன்பே கெட்டு, சொரசொரவென்று தூளாகப் படியும். வீரனின் முகத்தில் அப்படிப் படிந்தால் அம்மை வார்த்த மாதிரி ஆகிவிடும். கல் பூதத்துக்கு மட்டும் அது கெடுதல் அல்ல, சொரசொரப்பு இலவசம். இலக்கணத்தில் வழுவமைதி என்பது இதுதான். ஆனாலும் அண்டை வீட்டார் மூக்கைக் கருதி, தாழ்வாரத்தில் அடிக்காதீர்கள்.

கறுப்போ அடர்சாம்பலோ பிரைமர் காய்ந்ததும் உரையாசிரியர்கள் மூன்றாகப் பிரிவார்கள். கழுவுநீரார், உலர்தூரிகையார், பஞ்சார். கழுவுநீரார் கூறுவது: நீர்த்த கருவண்ணத்தை மேலே ஊற்று, அது தானாகப் பள்ளத்தைத் தேடி ஓடும், நிழல் தயார். சிட்டடெல் நிறுவனத்தின் நல்ன் ஆயில் இவர்களுக்குத் தீர்த்தம். உலர்தூரிகையார் கூறுவது: வெளிர்சாம்பலில் பிரஷைத் தோய்த்து, டிஷ்யூ காகிதத்தில் இனி ஒன்றும் இல்லை என்று தோன்றும் வரை துடைத்துவிட்டு, அந்த ஒன்றுமில்லாததை மேட்டில் தேய். நம்ப மாட்டீர்கள், மேடு மட்டும் வெளுக்கும். பஞ்சார் இருவரையும் மறுத்து, பொம்மைப் பெட்டிக்குள் வரும் பஞ்சில் ஒரு நுனியைக் கிள்ளி, இரண்டு மூன்று சாம்பலிலும் ஒரு பழுப்பிலும் மாற்றி மாற்றி ஒற்றுவார்கள். மேடும் பள்ளமும் இல்லாத சப்பை இடத்தில், உதாரணமாகப் பூதத்தின் வயிற்றிலும் சிறகின் பின்புறத்திலும், மற்ற இரு சாராரும் தோற்பார்கள். கழுவுநீர் தேங்கித் திட்டாகும். உலர்தூரிகை சுண்ணாம்புக் கோடு இழுக்கும். அங்கே பஞ்சே துணை. எனது துணிபு: முதலில் பஞ்சு, பிறகு கழுவுநீர், கடைசியில் உலர்தூரிகை. வரிசை மாறினால் மழை பெய்த பிறகு மேகம் கூடிய கதையாகும்.

கருங்கல் வேண்டுவோர் பழைய பல் துலக்கும் பிரஷில் வெள்ளையும் கறுப்பும் தொட்டு, கட்டைவிரலால் மயிரைச் சுண்டித் தெறிக்கவிடலாம். சட்டையைக் கழற்றிவிட்டுச் செய்வது நலம். மணற்கல்லுக்கு மஞ்சளும் காவியும். சலவைக்கல்லுக்கு நரம்பு வரைய வேண்டும். அதில் எல்லாருக்கும் ஏற்படும் நோய், நரம்பை நிறுத்தத் தெரியாமல் போவது.

பாசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை கிடைத்த சந்தோஷத்தில் மூக்கு நுனியில் பாசி வைப்பவர்கள் உண்டு. தண்ணீர் எங்கே தங்கும் என்று யோசித்துவிட்டு வையுங்கள்: சிறகும் முதுகும் சேரும் மடிப்பு, அக்குள், பீடத்தின் விளிம்பு. கீழே போகப் போகக் கூடட்டும். பச்சைக்கு நடுவே கடுகளவு மஞ்சள் ஒற்றினால் கல்மேல் படரும் பழம்பாசி ஆகிவிடும்.

கண். இதில் நம் ஸ்தபதிகளுக்கு இருக்கும் தெளிவு வெளிநாட்டுப் பெயிண்டர்களிடம் இல்லை. சிலை முழுவதும் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். திறந்தபின் அது கல் இல்லை. எனவே பூதம் கல்லாகவே நிற்க வேண்டுமென்றால் அதன் கண்ணில் கருமணி வைக்கவே கூடாது. கண்குழியில் நிழல் மட்டும் போதும். வெள்ளையும் கறுப்புமாக ஒரு புள்ளி வைத்தால் அந்த நிமிடமே அது சாம்பல் பெயிண்ட் அடித்துக்கொண்ட ஆள்.

முடிவில் மேட் வார்னிஷ். பளபளப்பு வந்தால் பிளாஸ்டிக் திரும்பி வந்துவிடும்; இதற்கு மினுக்கு வழு என்று பெயர். இதற்கும் ஒரு வழுவமைதி உண்டு, அதை எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லாது. தினமும் எண்ணெய்க்காப்பு காணும் மூலவர் கறுத்து மின்னுவார். அந்தக் கல்லைச் செய்ய விரும்புவோர் கறுப்பில் துளி பச்சை கலந்து பூசி, மேடுகளை வெளுக்காமல் விட்டு, பளபளக்கும் வார்னிஷே அடிக்கலாம். நெற்றியில் குங்குமம். ஐரோப்பியக் கோட்டைச் சாம்பலை மட்டும் கல்லென்று நம்பிக் அலமாரி நிறையச் சாம்பல் டப்பா வாங்கிக் குவிப்பவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.

புறனடை. எந்தப் பெட்டியிலும் அடங்காதது கோபுரம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் 1925ஆம் ஆண்டுக் கோபுரமானாலும், சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலானாலும், மேலே இருப்பவை சுதைச் சிற்பங்கள். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் தமிழ்நாட்டிலிருந்து வரும் கலைஞர்கள் அவற்றுக்கு நீலமும் ரோஜாவும் கிளிப்பச்சையும் பூசுகிறார்கள். கல்லாக நடிக்கும் எண்ணமே அவற்றுக்கு இல்லை. நிஜக்கல் உள்ளே கருவறையில், பட்டும் சந்தனமும் வெள்ளியும் போர்த்தி, கல்லென்று காட்டிக்கொள்ளாமல் இருக்கிறது. கல் மறைகிறது, சுண்ணாம்பு கொண்டாடப்படுகிறது. எங்கள் துறைக்கு இங்கே வேலையில்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் கருங்கல் தூணுக்கே பெயிண்ட் அடித்தார்கள். பிறகு அதை எடுக்கிறேன் என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டையும் சேர்த்துச் சுரண்டினார்கள். அதைக் கல்போலியியலில் சேர்க்க மாட்டேன். அது குற்றவியல்.

மெய்க்கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. போர்த்துகீசியர் வெள்ளைப் பாறை என்று பேர் வைத்த பெட்ரா பிராங்காவுக்காகச் சிங்கப்பூரும் மலேசியாவும் அனைத்துலக நீதிமன்றம் வரை போக, 2008 மே மாதம் அது சிங்கப்பூருக்கு என்று தீர்ப்பானது. பாறையோ கருங்கல். வெள்ளையெல்லாம் கடற்பறவை எச்சம். அம்மாவின் நூற்பாவுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? அதன்மேல் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை 1851இல் உபின் கருங்கல்லில் கட்டினார்கள். இன்னொன்று சிங்கப்பூர்க் கல். ஆற்றின் வாயில் மூன்று மீட்டர் உயரத்தில் எழுத்தோடு நின்ற மணற்பாறை. 1843இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, எழுத்தை இன்னும் யாரும் முழுசாகப் படிக்கவில்லை. அதில் சோழர் பட்டமான பரகேசரிவர்மனின் ஒரு பகுதி இருக்கலாம் என்று இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர் 2019இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நிஜக்கல்லை உடைத்துவிட்டு அதே ஆற்றங்கரையில் சிமெண்டுச் சிங்கமும் ரெசின் ராஃபிள்ஸும் வைத்துக்கொண்ட ஊரில், இத்துறைக்கு ஒரு பேராசிரியர் பதவியாவது கொடுக்கலாம்.

இங்குள்ள கல்போலிகளின் உண்மையான சங்கடம், அவற்றை அழுக்காக விடுவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்குகளுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பெயிண்ட். மெர்லயனுக்கு அவ்வப்போது குளியல். பாசி தலைகாட்டினால் தண்ணீர் பீய்ச்சி அடித்துவிடுவார்கள். ஊர் சுத்தமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்லாகத் தெரிவதில்தான் அவை எல்லாம் ரோவல் சாலைக் கட்டைவிரல் பூதத்திடம் தோற்கின்றன.

முதல் பூதத்தோடு உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயிண்ட் வாங்க பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போகுமுன் சாங்கி முனைப் படகுத்துறைக்குப் போங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். பத்து நிமிடத்தில் உபின். குவாரிப் பக்கம் ஏதாவது ஒரு பாறைக்கு முன்னால் நின்று, அதில் எத்தனை நிறம் என்று எண்ணுங்கள். எண்ணிய பிறகு கடைக்குப் போய், முதலில் பழுப்பு வாங்குங்கள். சாம்பல் ஒரு டப்பா போதும்.